பூட்டிய பீரோவும் திறந்த திரையும்

உடுமலைப்பேட்டையில் இருந்துகொண்டு ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படிக்க வேண்டுமானால், எண்பதுகளில் முதலில் பஸ் ஏற வேண்டும். விடியற்காலையில் பொள்ளாச்சி வழியாகப் போகும் கோவை வண்டி. உக்கடத்தில் இறங்கி, மருதமலைப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸைப் பிடித்துப் பல்கலைக்கழக வாசலுக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும். பாரதியார் பல்கலைக்கழகம் 1982இல் தொடங்கியது. அதுவரை எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. புதிய பல்கலைக்கழகத்தின் நூலகம் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. தேடிப் போன தொகுதி அங்கே இல்லையென்றால் அடுத்த வழி சேரன் எக்ஸ்பிரஸ்தான். சென்னை கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து, வேண்டிய பக்கங்களை நோட்டில் எழுதிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும்.

இன்று எங்கள் தெருவில் லைன் வீட்டில் குடியிருக்கும் ஒரு பெண் அதே வேலையை வாசல்படியில் உட்கார்ந்தே முடித்துவிடுகிறாள். முதுகலை இயற்பியல் படிக்கிறாள். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவர். அப்பாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட். வீட்டில் பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் கிடையாது. ஆனால் கல்லூரி நூலகர் கொடுத்த பாஸ்வேர்டு அவளிடம் இருக்கிறது. ஒரு சாயங்காலம் செல்போனை என் பக்கம் திருப்பி, வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்த கட்டுரையைக் காட்டினாள். சமன்பாடுகளும் வரைபடங்களுமாகத் திரை நிறைந்திருந்தது.

“லைப்ரரிக்கு எதுக்குங்க பெரீப்பா போகோணும்? பாஸ்வேர்டு இருந்தாப் போதுமுங்க” என்றாள்.

அவளுடைய துறைக்கு அது முழு உண்மை. அதை நினைத்து நான் மனதாரச் சந்தோஷப்படுகிறேன். என் துறையான தமிழுக்கு அது உண்மையாகவில்லை. ஆனால் உண்மையாகிவிட்டது என்று நம்பிக்கொண்டு கல்லூரிகள் அலமாரிகளைக் காலி செய்கின்றன. அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

*

பழைய கல்லூரி நூலகங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தாளின் வாசனையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது பூட்டு. புத்தகங்கள் கண்ணாடிக் கதவு போட்ட பீரோக்களுக்குள் இருந்தன. சாவிக்கொத்து நூலகரின் மேசை இழுப்பறையில் இருந்தது. மாணவன் கதவுக்கு வெளியே நின்று, முதுகில் ஒட்டிய எண்ணைப் படிக்கலாம். எடுத்துப் புரட்ட முடியாது.

தேடுவதற்குப் பட்டியல் பெட்டி இருந்தது. சின்னச் சின்ன இழுப்பறைகள் கொண்ட மரப்பெட்டி. ஒவ்வொரு இழுப்பறையிலும் தட்டச்சு செய்த அட்டைகள். அட்டைகளின் அடிப்பக்கத்துத் துளை வழியாக ஒரு பித்தளைக் கம்பி கோத்திருக்கும், யாரும் உருவிக்கொண்டு போகாமலிருக்க. ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை, பொருளில் ஓர் அட்டை என்று ஒரு புத்தகத்துக்கே பல அட்டைகள். அதிகம் புரட்டப்பட்ட அட்டைகளின் மேல் ஓரம் கறுத்து, துணி போல் மெத்தென்று ஆகியிருக்கும். எந்த எழுத்தாளரை மாணவர்கள் அதிகம் தேடினார்கள் என்பதை அந்த ஓரத்தின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

எண்ணைச் சீட்டில் எழுதி அட்டெண்டரிடம் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். உள்ளே போனவர் வெறுங்கையோடு வருவார். “இல்லீங் கண்ணு, அந்தப் பொஸ்தகம் வாத்தியார் ஊட்ல இருக்குது. லீவு முடிஞ்சு வந்து கேளு” என்பார். வாத்தியாருக்குக் கெடு கிடையாது. மாணவனுக்குப் பதினைந்து நாள். அதற்கு மேல் போனால் தினமும் அபராதம்.

பூட்டியவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆண்டுதோறும் ஸ்டாக் வெரிஃபிகேஷன் வரும். பதிவேட்டில் உள்ள எண்ணும் அலமாரியில் உள்ள புத்தகமும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் நூலகர் பதில் சொல்ல வேண்டும். வழங்கிய புத்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைவது இயல்பு என்று மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017 பதிப்பில், ஒப்புக்கொள்கின்றன. அவ்வளவு பெருந்தன்மையோடு எல்லாத் தணிக்கையாளர்களும் நடந்துகொண்டதில்லை. ஒவ்வொரு தொலைந்த புத்தகத்துக்கும் விளக்கம் எழுதியே களைத்த நூலகர்கள் நிறையப் பேர். மாணவனை நம்பிப் புத்தகத்தைக் கொடுப்பதைவிடப் பூட்டிவைப்பது அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது.

இந்தப் பூட்டோடு மல்லுக்கட்டியவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். லண்டனுக்குப் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பியவர், வாசகரே உள்ளே நடந்து போய்ப் புத்தகத்தைக் கையால் தொட்டு எடுக்க வேண்டும் என்று வாதாடினார். நூலக அறிவியலுக்கான ஐந்து விதிகளை 1931இல் வெளியிட்டார். புத்தகத்தின் பயன் அது படிக்கப்படுவதில்தான் இருக்கிறது என்பதே அவற்றின் அடிப்படை. அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூலகம் புறப்பட்டதற்கும் அவருடைய இயக்கம்தான் பின்புலம். படிக்க வருகிறவருக்காகக் காத்திருந்தது போதும், புத்தகமே ஊர் ஊராகப் போகட்டும் என்று நினைத்த தலைமுறை அது.

அவர் வகுத்த கோலன் பகுப்புமுறையில் அடுக்கிய நூலகம் ஒன்றுக்குள், பூட்டில்லாத அடுக்குகளுக்கு நடுவே, முதன்முதலாக நான் நடந்தது ஆய்வு மாணவனாக இருந்தபோது. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலைத் தேடிப் போயிருந்தேன். தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர் அவர். எங்கள் கொங்கு மண்ணின் பேச்சையும் காட்டையும் பங்காளிச் சண்டையையும் 1942இலேயே நாவலாக்கியவர். கோலன் முறையில் அவருக்குரிய எண் ‘ஓ 31, 3 என் 17’. ஓ என்றால் இலக்கியம். 31 என்றால் தமிழ். 3 என்றால் புனைகதை. ‘என் 17’ என்றால் அவர் பிறந்த ஆண்டு 1917.

அந்த எண்ணின் அருமை அலமாரியின் முன் நின்றால்தான் விளங்கும். பிறந்த ஆண்டுப்படி நிற்பதால் சண்முகசுந்தரத்துக்கு இடப்பக்கம் 1916இல் பிறந்த லா.ச. ராமாமிர்தம். வலப்பக்கம் நகர்ந்தால் 1921இன் தி. ஜானகிராமன், 1923இன் கு. அழகிரிசாமி. இன்னும் நகர்ந்தால் 1931இன் சுந்தர ராமசாமி, 1934இன் ஜெயகாந்தன். ஒரு தலைமுறை முழுக்க, வயது வரிசையில், பந்தியில் உட்கார்ந்ததுபோல் அலமாரியில் உட்கார்ந்திருந்தது. ஒருவரைத் தேடிப் போனவன் அவருடைய சமகாலத்தவர் அத்தனை பேரையும் பார்த்துவிட்டு வந்தேன். என் ஆய்வின் திசையே அந்த ஒரு பகலில் மாறியது. தேடுபெட்டியில் பெயரைத் தட்டினால் அந்தப் பெயர் வரும். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று அது காட்டாது.

*

அன்று கிடைத்த கொஞ்சநஞ்சமும் தானாக வந்ததில்லை. அதற்குப் பின்னால் திருப்பூர்க்காரர் ஒருவர் இருந்தார். 1903இல் திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சர். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் அவர் காலத்தில் வந்தது. இந்திய மாகாணங்களில் அப்படியொரு சட்டம் கண்டது சென்னைதான் முதலில். அந்தச் சட்டத்தின்படி வீட்டுவரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கப்படுகிறது. இப்போது ரூபாய்க்கு 10 காசு. உடுமலையில் ஓட்டு வீடு வைத்திருப்பவரும் அதைக் கட்டுகிறார். புத்தகமே தொடாதவராக இருக்கலாம். ஆனால் ஊர் நூலகத்தில் அவருக்குப் பங்கு உண்டு என்பதற்கு அந்த வரி ரசீதே சாட்சி.

பாரதியின் படைப்புரிமையை அரசு பெற்று மக்களுக்குரியதாக்கும் என்று 1949இல் முடிவானபோதும் கல்வி அமைச்சர் அவர்தான். அவர் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் பெரும்பணி தமிழ்க் கலைக்களஞ்சியம். முதல் தொகுதி 1954இலும் பத்தாம் தொகுதி 1968இலும் வெளிவந்தன. முதன்மை ஆசிரியராக இருந்து அத்தனையையும் கட்டி இழுத்தவர் இன்னொரு கொங்கு நாட்டுக்காரர், பெ. தூரன். சட்டம், படைப்புரிமை, கலைக்களஞ்சியம் ஆகிய மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்: அறிவு ஊருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், இரவலாகவோ தயவாகவோ இருக்கக் கூடாது.

அந்தக் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் என் மாணவப் பருவத்தில் ரெஃபரன்ஸ் பகுதியில் இருந்தன. வீட்டுக்குத் தரமாட்டார்கள். உட்கார்ந்து படித்துவிட்டுத் திருப்பி வைக்க வேண்டும். கனமான தொகுதி, இரண்டு கையாலும் தூக்க வேண்டும். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் பத்தும் கிடைக்கின்றன. சந்தா இல்லை, பாஸ்வேர்டு இல்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் முதலில் காட்டியது அதைத்தான்.

*

அச்சுப் புத்தகத்திலிருந்து திரைக்கு உயர்கல்வி நகர்ந்ததற்கு வலுவான காரணங்கள் உண்டு. வெளிநாட்டு அறிவியல் இதழ்களின் சந்தா எந்தக் கலைக் கல்லூரிக்கும் கட்டுப்படியாகாத விலைக்குப் போனது. 2010 வாக்கில் தொடங்கிய என்-லிஸ்ட் திட்டம், ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களையும் லட்சத்துக்கு மேற்பட்ட மின்னூல்களையும் சிற்றூர்க் கல்லூரிகளுக்குக் கொண்டுவந்தது. அதை நடத்துவது காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம். முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் ‘ஷோத்கங்கா’வும் அவர்களுடையதே. முன்பெல்லாம் ஓர் ஆய்வேட்டைப் பார்க்க அது ஒப்படைக்கப்பட்ட பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும். ஒரே தலைப்பில் இரண்டு பேர் ஒருவரையொருவர் அறியாமல் ஆய்வு செய்து முடித்த கதையெல்லாம் உண்டு.

அதன்பின் வந்தது ‘ஒரே நாடு ஒரே சந்தா’. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். தில்லியில் உள்ள ஆய்வாளர் படிக்கும் அதே இதழை உடுமலையில் உள்ள அரசுக் கல்லூரி மாணவியும் படிக்க முடியும் என்பது பெரிய சமத்துவம். உக்கடத்தில் பஸ் மாறிப் போன தலைமுறைக்கு அதன் அருமை நன்றாகவே தெரியும்.

ஆனால் அந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். முதல் கட்டத்தில் அரசு நிர்வாகத்தில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே அது வகுக்கப்பட்டது. எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ பிள்ளைகள் படிப்பது சுயநிதிக் கல்லூரிகளில். அடுத்து, 6,000 கோடியும் 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கானது. பிறகு மறுபடியும் பேரம் பேச வேண்டும். மூன்றாவது, அந்த இதழ்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஆங்கிலம். தமிழ் படிக்கும் மாணவனுக்கு அந்தப் பதின்மூன்றாயிரத்தில் கிடைப்பது மிகச் சொற்பம்.

கல்லூரிகளின் தர மதிப்பீட்டில் நூலகத்தைக் கணினிமயமாக்கியதற்கும் மின்வளங்களுக்குச் சந்தா கட்டியதற்கும் மதிப்பு உண்டு. பழைய தமிழ்ப் புத்தகங்களைக் காப்பாற்றியதை எடுத்துக்காட்ட அப்படியொரு தனிக்கட்டம் இல்லை. எனவே நிர்வாகம் எதைச் செய்யும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. ‘டிஜிட்டல் லைப்ரரி’ என்று பலகை மாட்டிய குளிர்சாதன அறையில் கணினிகள் வரிசையாக வந்தன. இடம் தேவைப்பட்டதால் பீரோக்கள் வராந்தாவுக்கு வந்தன. வராந்தாவில் மழைச்சாரல் அடித்தது. பிறகு ராமபாணப் பூச்சி. பிறகு, படிக்க முடியாத நிலையில் உள்ளன என்று ஒரு பட்டியல், அதன்மேல் ‘தள்ளுபடி’ என்று ஒரு கையெழுத்து.

தளி ரோட்டுப் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் அப்படித் தள்ளுபடியான ஒரு கட்டை நான் பார்த்தேன். எந்தக் கல்லூரியிலிருந்து வந்தது என்பது இங்கே தேவையில்லை, இது ஒரு கல்லூரியின் கதை மட்டும் இல்லை. கட்டுக்குள் கைவிட்டபோது கிடைத்தது பஞ்சாலைத் தொழிற்சங்க மாநாட்டு மலர் ஒன்று. அட்டை கழன்றிருந்தது. உள்ளே கூலி ஒப்பந்தத்தின் விவரம், எந்தெந்த ஊரிலிருந்து ஆட்கள் மில்லுக்கு வந்தார்கள் என்ற பட்டியல், பெண் தொழிலாளர்களின் பேறுகால விடுப்பு பற்றிய தீர்மானம். கடைசிப் பக்கங்களில் உடுமலை, பொள்ளாச்சிக் கடைகளின் விளம்பரங்கள். பருத்தி மண்டியும் சைக்கிள் கடையும் காபித்தூள் கடையும். கொங்கு நாட்டுத் தொழில் வரலாற்றை எழுத வருகிறவருக்கு அது மூலச் சான்று. பட்டியல்களில் தேடிப் பார்த்தேன். எந்த நூலகத்திலும் அகப்படவில்லை, எந்தத் தளத்திலும் இல்லை. கிலோ கணக்கில் எடை போட்டுத்தான் அதை வாங்கி வந்தேன்.

அந்தக் கட்டில் ‘ஆய்வுக்கோவை’த் தொகுதிகளும் இருந்தன. இந்தியப் பல்கலைக்கழகத் தமிழாசிரியர் மன்றம் ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்தி வெளியிட்ட தடித்த புத்தகங்கள். தமிழ் ஆய்வு மாணவர்கள் பலருக்கு முதல் கட்டுரை அச்சேறியது அதில்தான். ஊர்ப்பெயர், நாட்டுப்புறப் பாட்டு, கல்வெட்டு, வட்டார வழக்கு என்று வேறெங்கும் கிடைக்காத தகவல்கள் அவற்றில் புதைந்து கிடக்கின்றன. சிலது சாதாரணக் கட்டுரை, சிலது பொக்கிஷம். எது பொக்கிஷம் என்பதைப் படிக்க வருகிறவர்தான் முடிவு செய்ய முடியும். எடைக்கல் முடிவு செய்யக் கூடாது.

*

அச்சைக் கைவிடும் ஆசை உலகம் முழுக்க இருக்கிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடா பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் 2014இல் திறக்கப்பட்டபோது அதன் நூலகத்தில் ஓர் அச்சுப் புத்தகம்கூட வைக்கவில்லை. பொறியியலும் தொழில்நுட்பமும் மட்டுமே கற்பிக்கும் புதிய நிறுவனம் என்பதால் அது நடந்தது. அதே நாட்டில் வெர்மான்ட் மாநிலப் பல்கலைக்கழகம் தன் நூலகங்களை முழுக்க மின்மயமாக்கப் போவதாக 2023 பிப்ரவரியில் அறிவித்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் திரண்டு எதிர்த்தார்கள். ஏப்ரலில் பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். அடுத்து வந்தவர் திட்டத்தைக் கைவிட்டார். செல்போனோடு வளர்ந்த தலைமுறைதான் அலமாரிகள் வேண்டும் என்று கேட்டது.

நமக்கும் அப்படியொரு போராட்டம் உண்டு. 2010 செப்டம்பரில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றுவதாக 2011 நவம்பரில் அறிவிப்பு வந்தது. வாசகர்கள் எழுந்தார்கள், உயர்நீதிமன்றம் தடுத்தது. இன்று அங்கே போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நாற்காலி கிடைப்பதே கஷ்டம். உடுமலை நூலகத்திலும் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே வந்துவிடுகிறார்கள். லைன் வீட்டில் ஒரே அறையில் டிவியும் சமையலும் தூக்கமும் நடக்கும்போது, ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் கொஞ்சம் அமைதியும் பெரிய விஷயம். அதை எந்தப் பாஸ்வேர்டும் தராது.

இன்னொன்றும் இருக்கிறது. கல்லூரி வாங்கிய புத்தகம் கல்லூரியின் சொத்து. சந்தா கட்டிப் பெறும் மின்னூல் அப்படிப்பட்டதல்ல. சந்தா நின்ற மறுநாள் அது மாணவனுக்கு இல்லை. 2009இல் அமேசான், உரிமைச் சிக்கல் ஒன்றைக் காரணமாகச் சொல்லி, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களைக் கிண்டில் கருவிகளிலிருந்து அழித்தது. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டது. 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளான பிரிட்டிஷ் நூலகத்தில் மின்பட்டியலே மாதக்கணக்கில் முடங்கியது. லண்டனுக்கே அந்தக் கதி என்றால், ஒரு நிதியாண்டில் சந்தா கட்டத் தவறும் சிறு கல்லூரி எந்த மூலைக்கு?

அதற்காகத் திரையை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. தமிழைப் பொறுத்தவரை திரை செய்திருக்கும் காரியம் மகத்தானது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே பிரதியாக இருந்தவை அன்றோடு முடிந்தன. அந்த இழப்பைத் தெரிந்த ஈழத்து இளைஞர்கள் 2005இல் ‘நூலகம்’ என்ற இணையத் திட்டத்தைத் தொடங்கி, சிற்றிதழ், பாடநூல், கோயில் மலர், நினைவு மலர் வரை வருடி வைக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் தொழிலில் சம்பாதித்ததைப் போட்டுப் புத்தகமும் இதழும் துண்டறிக்கையும் சேர்த்தார். அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அது தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று சென்னையில் நிலைநிறுத்தியது. அங்கே நுண்படம் எடுத்தார்கள், மின்வடிவம் செய்தார்கள். அசல் தாளையும் காப்பாற்றினார்கள்.

இவர்கள் யாரும் புத்தகத்தை ஒழித்துவிட்டுத் திரைக்குப் போகவில்லை. தாள் உதிர்வதற்கு முன் அதைத் திரையிலும் பத்திரப்படுத்தினார்கள். வருடி எடுத்ததை யாரும் பறிக்க முடியாதபடி பொதுவில் வைத்தார்கள். கல்லூரிகள் இன்று போகும் வழி இதற்கு நேர் எதிர். யாரிடமும் இல்லாத தமிழ்ப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட்டு, எல்லோருக்கும் கிடைக்கும் ஆங்கில இதழுக்குச் சந்தா கட்டுகிறார்கள். கையில் இருந்த சொத்தைக் கொடுத்துவிட்டு வாடகைக்குக் குடிபோகிறார்கள்.

தமிழ்ப் பதிப்பாளர்களில் பெரும்பாலோர் இன்றும் அச்சில்தான் வெளியிடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பெயரையே தாங்கிய ‘உடுமலை.காம்’, தமிழ்ப் புத்தகங்களை இணையத்தில் ஆர்டர் வாங்கிப் பார்சல் கட்டி அனுப்புகிறது. திரை வழியாக ஆர்டர் வருகிறது, கைக்குப் போய்ச் சேர்வது தாள். உலகில் எங்கிருந்தோ ஒருவர் உடுமலையிலிருந்து ஒரு நாவலை வரவழைக்கும்போது, உடுமலைப் பக்கத்துக் கல்லூரி ஒன்று அதே நாவலை வாங்க நிதியில்லை என்று சொல்வது ஏற்கத்தக்கதல்ல.

*

கல்லூரி நிர்வாகங்களிடமும் உயர்கல்வித் துறையிடமும் கேட்பதற்குச் சில எளிய காரியங்கள் உள்ளன. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் வணிகவியலுக்கும் மின்னிதழ் போதுமென்றால் அப்படியே ஆகட்டும். அச்சில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் தமிழ்ப் புத்தகங்களுக்கும் வட்டார நூல்களுக்கும் என்று ஒதுக்க வேண்டும். அவை வாங்கப்பட வேண்டும், சொத்தாகப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

தள்ளுபடிப் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன், அந்தப் புத்தகம் வேறு எந்த நூலகத்திலாவது இருக்கிறதா, தமிழ் மின்னூலகத்திலோ வேறு பொதுத் தளத்திலோ ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். இரண்டு இடத்திலும் இல்லாத புத்தகம் கடைசிப் பிரதி. கடைசிப் பிரதியை எடைக்குப் போடும் அதிகாரம் யாருக்கும் இருக்கக் கூடாது. பூச்சி அரித்திருந்தாலும் அதை வருடி எடுத்த பிறகே மற்றதைப் பேச வேண்டும். வருடும் வேலையைச் செய்ய ‘டிஜிட்டல் லைப்ரரி’ அறையில் கணினிகள் இருக்கின்றன, தமிழ்த் துறையில் மாணவர்கள் இருக்கிறார்கள். செமஸ்டருக்கு ஒரு மாணவர் ஒரு மலரையோ ஒரு சிற்றிதழையோ எடுத்துக்கொண்டால் சில ஆண்டுகளில் ஒரு வட்டாரத்தின் நினைவே பொதுவில் வந்துவிடும்.

மாநாட்டு மலரை அந்தப் பெண்தான் செல்போனில் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கோப்பாக்கிக் கொடுத்தாள். அப்பா வேலை செய்யும் மில்லில் முந்தைய தலைமுறை எதற்காகப் போராடியது என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். “இதெல்லாம் எங்க காலேஜ்ல ஏனுங்க பெரீப்பா இல்லே?” என்று கேட்டாள். வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டும் ஊர் எங்களுடையது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை கல்லூரிகளுக்கும், அவற்றுக்கு மதிப்பெண் போடுகிறவர்களுக்கும், பழைய மாணவர்களாகிய எங்களுக்கும் இருக்கிறது. அடுத்த தள்ளுபடிப் பட்டியல் தயாராவதற்குள் அந்தப் பதில் விதியாக எழுதப்பட வேண்டும்.